‘லேசாத்தான் ஆடுது!’

தமிழ்நாட்டில் பழைய பைக் வெச்சிருக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடமான வசனம் ஒண்ணு உண்டு. ‘‘ஹேண்டில் லேசாத்தான் ஆடுது. ஓட்டி ஓட்டிப் பழகிடுச்சு!’’

பழகிடுச்சாம்! எது எதுக்குத்தான் பழகுவீங்க?

ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி உட்காருறீங்க. ‘‘ஸ்டீயரிங் கொஞ்சம் லூஸு. பயப்படாதீங்க, எனக்குப் பழகிடுச்சு’’னு டிரைவர் சொன்னா என்ன செய்வீங்க? கண்டக்டர் சட்டையைப் பிடிப்பீங்க. டெப்போவுக்கு போன் போடுவீங்க. அதே நீங்கதான் மறுநாள் காலையில் பெட்ரோல் டேங்க் மேல ஒரு குழந்தை, பின்னால மனைவி, அவங்க மடியில இன்னொரு குழந்தைனு நாலு உயிரை ஏத்திக்கிட்டு, ஆடுற ஹேண்டிலைப் பிடிச்சபடி ஸ்கூலுக்குப் பறக்குறீங்க. அங்கே சட்டையைப் பிடிக்க யார் இருக்கா?

பழைய வண்டி வெச்சிருக்கிறதைத் தப்புனு சொல்லவே மாட்டேன். ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-லேயே நின்னுபோச்சு. இன்னிக்கும் அதைக் குழந்தை மாதிரி குளிப்பாட்டித் துடைக்கிறவங்க ஊருக்கு நூறு பேர். 1955-லேர்ந்து புல்லட் செய்ற ஊர் சென்னை. நமக்கு மோட்டார் சைக்கிள் மேல ஆசை இருக்கிறது ஆச்சரியமே இல்லை. என் சண்டை, அந்த ஆசையில் எங்கே பணத்தைக் கொட்டுறோம்கிறதுலதான்.

புது பெயின்ட் அடிக்கக் காசு இருக்கு. ‘டப டப’னு சத்தம் போடுற சைலன்ஸருக்குக் காசு இருக்கு. நம்பர் பிளேட்ல ‘அப்பா ஆசி’னு ஸ்டிக்கர் ஒட்டக் காசு இருக்கு. கோன் செட் மாத்தணும்னு மெக்கானிக் சொன்னா மட்டும், ‘‘இப்போதைக்கு டைட் வெச்சுக் குடுப்பா, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்!’’ அந்த அடுத்த மாசம் எந்தக் காலண்டர்லயும் வர்றதே இல்லை.

கோன் செட்னா என்னனு தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். உங்க ஹேண்டிலும் முன் ஃபோர்க்கும் முன்சக்கரமும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தை வண்டியோட உடம்போடு சேர்த்துப் பிடிச்சிருக்கிறது, டேங்குக்கு முன்னால இருக்கிற குழாய்க்குள்ள மேல ஒண்ணு, கீழ ஒண்ணுனு ரெண்டு வளையம். பழைய வண்டிகளில் அந்த வளையங்களுக்குள்ள பட்டாணி மாதிரி இரும்புக் குண்டுகள் உருளும். அவ்வளவுதான்! ஒவ்வொரு தடவை பள்ளத்தில் இறங்கும்போதும், ஒவ்வொரு தடவை முன் பிரேக் பிடிக்கும்போதும் அடி வாங்குறது இந்தக் குண்டுகள்தான். மழைத் தண்ணியும், வாட்டர் சர்வீஸில் பீய்ச்சி அடிக்கிற தண்ணியும் உள்ளே போனா கிரீஸ் கழுவிக்கிட்டுப் போயிடும். அப்புறம் இரும்போட இரும்பு உரசும். வண்டி நேரா போறப்போ குண்டுகள் எந்த இடத்தில் நிக்குமோ, அதே இடத்தில் திரும்பத் திரும்ப இடி வாங்கி வளையத்தில் குழி விழும்.

குழி விழுந்த வளையத்தை டைட் வெச்சா என்ன ஆகும்? குழி மறையாது. ஹேண்டில் நேரா இருக்கும்போது ‘டக்’னு அதிலேயே போய் உட்காரும். லேசா திருப்பினா பிடிக்கும். மெதுவா போகும்போது குடிச்சவன் மாதிரி வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். ஆட்டத்தை மறைக்கப் போய் வேற ஒரு வியாதியைக் காசு குடுத்து வாங்கின கதை!

இதையும் தெரிஞ்சுக்குங்க. ஹேண்டில் ஆடுதுன்னா எல்லாமே கோன் செட் தப்பு கிடையாது. வண்டியை சென்ட்டர் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கத்தை ஒருத்தரை அழுத்திப் பிடிக்கச் சொல்லி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்க. ஃபோர்க்கின் அடிப்பகுதியை ரெண்டு கையாலும் பிடிச்சு முன்னும் பின்னும் இழுங்க. மேல கழுத்தில் ‘டக் டக்’னு தட்டினா கோன் செட். தட்டலையா? ஹேண்டில் பாரை மட்டும் பிடிச்சு ஆட்டுங்க. ஃபோர்க் அசையாம பார் மட்டும் சுத்தினா, அதைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் போல்ட்டுகள் லூஸு, இல்லைன்னா பார் தேய்ஞ்சிருக்கு. கிளாம்ப்பே சேர்ந்து ஆடினா, அடியில ரப்பர் புஷ் வெச்ச வண்டியா இருந்தா அந்த ரப்பர் செத்துப்போச்சு. ரெண்டு நிமிஷ வேலை இது. செல்போனில் யாரோ ஆடுறதை அரை மணி நேரம் பார்க்கிற நமக்கு, நம்ம ஹேண்டில் ஆடுறதைப் பார்க்க ரெண்டு நிமிஷம் கிடையாதா?

இனிமேதான் நம்ம ஊர் ‘மூளை’ வேலை செய்யும். பார் சுத்துதா? நடுவுல சைக்கிள் டியூபை வெட்டி வை! தகரத்தை மடிச்சுச் சொருகு! பல வண்டிகளில் கிளாம்ப் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி வேணும்னுதான் கம்பெனிக்காரன் வடிவமைச்சிருக்கான். அந்த இடைவெளி மூடின பிறகும் பார் சுத்துதுன்னா, அந்தப் பொருளோட ஆயுசு முடிஞ்சதுனு அர்த்தம். அதுக்குத் தகரம் வெக்கிறது, செத்தவனுக்கு பவுடர் பூசுற வேலை.

கீழே விழுந்து வளைஞ்ச ஹேண்டிலை இரும்புப் பைப் சொருகி நிமிர்த்துறாங்களே, அது இன்னும் மோசம். ஒரு ஜெம் கிளிப்பை எடுத்து நாலு தடவை மடக்கி நிமிர்த்திப் பாருங்க. என்ன ஆகுதோ, அதேதான் ஹேண்டிலுக்கும் ஒருநாள் ஆகும். நீங்க எழுபதில் போகும்போது ஆகலாம். வளைஞ்சதை மாத்துங்க. மாத்தும்போது அந்த வண்டிக்கு வந்த அளவிலேயே வாங்குங்க. ‘ஸ்டைலா இருக்கு’னு உயரமான பாரை மாட்டினா கேபிள் எட்டாது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி நியூட்ரலில் விட்டு, ஹேண்டிலை இடது கடைசி வரைக்கும், வலது கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க. திருப்பும்போது இன்ஜின் சத்தம் தானா ஏறினா, ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுதுனு அர்த்தம். யூ டர்ன் அடிக்கும்போது வண்டி தானா பாயும். ஸ்டைல் அப்போ தெரியும்!

‘‘எல்லாம் மெக்கானிக் பண்ற கோல்மால் சார்’’னு நீங்க ஆரம்பிக்கிறது கேக்குது. நிறுத்துங்க.

கோன் நட்டைத் திருக, கொக்கி வெச்ச ஸ்பேனர் ஒண்ணு உண்டு. அதை விட்டுட்டு உளியை வெச்சு சுத்தியால ‘டங்கு டங்கு’னு தட்டுற மெக்கானிக்கை நானும் திட்டுறேன். ஆனா, அவன் ஏன் தட்டுறான்? ஒழுங்கா செய்யணும்னா ஹெட்லைட், ஹேண்டில், சக்கரம், ஃபோர்க் எல்லாத்தையும் கழற்றணும். பழைய வளையங்களைத் தட்டி எடுத்து, புதுசை நேரா இறக்கி, கிரீஸ் வெச்சு, குண்டு அடுக்கி, ஆட்டமும் இல்லாம இறுக்கமும் இல்லாம டைட் வெக்கணும். கிட்டத்தட்ட அரை நாள் வேலை. அதுக்கு அவன் கூலி கேட்டா, ‘‘என்னப்பா, சாமானே சில நூறு ரூபாதான், அதுக்கு இவ்ளோ கூலியா?’’னு நாம இழுக்கிறோம். இழுத்து இழுத்து அவனை உளிக்கும் சுத்திக்கும் கொண்டுவந்து விட்டது நாமதான்! டாக்டர் ஃபீஸைப் பேரம் பேசுறோமா? மாத்திரை விலையை வெச்சு டாக்டருக்குக் கூலி கணக்குப் போடுறோமா?

‘‘காசு இல்லாதவன் என்ன சார் பண்ணுவான்?’’ நியாயமான கேள்வி. ஆனா, இதைக் கேக்கிறவர்களில் பாதிப் பேர் குடும்பத்தோடு ஒரு சினிமாவுக்குப் போய், இடைவேளையில் பாப்கார்னும் வாங்கிட்டு வந்தவங்க. நிஜமாவே இல்லாதவர் யார்? ரெண்டு பக்கமும் தண்ணி கேன் கட்டித் தொங்கவிட்டுப் பழைய மொபெட்டை ஓட்டுற பையன். சிலிண்டர் சுமக்கிறவர். பால் கேன் கட்டினவர். அந்தச் சுமையோட எடையில் ஒரு பங்கு அந்த ரெண்டு வளையம் வரைக்கும் போய் இடிக்கும். பல இடங்களில் வண்டி முதலாளியுடையது, உயிர் மட்டும் பையனுடையது. வண்டிக்குக் காசு போட வேண்டியவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கார். அவர்கிட்ட கேளுங்க இந்தக் கேள்வியை!

‘பழைய வண்டியை எல்லாம் உடைச்சுப் போட்டாச்சுன்னா பிரச்னை தீர்ந்தது’னு இன்னொரு கோஷ்டி. வயசு வியாதி கிடையாதுங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, 15 வருஷம் முடிஞ்சதும் பதிவைப் புதுப்பிச்சு ஐந்தைந்து வருஷமா வண்டியை ஓட்டலாம். புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டணும். அப்படிக் காட்டும்போது சேஸிஸ் நம்பரை மட்டும் பார்த்தா போதாது. முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தே ஆகணும்னு நாம கேக்கணும். கையெழுத்துப் போடுற நேரத்தில் முடிஞ்சிடும்!

2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவங்க 1,68,491 பேர். அதில் டூ வீலரில் போனவங்க 74,897 பேர். அதே வருஷம் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம்ம தமிழ்நாடு... 64,105. இந்த வழக்குகளில் எஃப்.ஐ.ஆர். பெரும்பாலும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்றுதான் ஆரம்பிக்கும். அஜாக்கிரதை ரோட்டில்தான் நடக்கணும்னு இல்லை. ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’னு மெக்கானிக் கடை வாசலிலேயே நடந்து முடிஞ்சிருக்கலாம்.

அதனால, இந்த ஞாயித்துக்கிழமை வண்டியைத் துடைக்கிறதுக்கு முன்னாடி முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்க. தட்டினா மெக்கானிக்கிட்ட போங்க. ‘மேல வளையம், கீழ வளையம், குண்டு எல்லாமே புதுசு போடு’னு சொல்லுங்க. பழைய சாமானைக் கையில் வாங்கி, குழி விழுந்திருக்கானு விரலால தடவிப் பாருங்க. முடிச்சதும் முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை லேசா தட்டிவிடச் சொல்லுங்க. தன் எடையிலேயே சுலபமா சாயணும், எங்கேயும் பிடிக்கக் கூடாது.

கேட்ட கூலியைக் குடுங்க. ‘சாயந்திரம் வாங்க சார்’னு அவர் சொன்னா, தயவுசெஞ்சு சாயந்திரமே போங்க. மத்தியானம் போய்த் தலைமாட்டில் நின்னு அவசரப்படுத்தாதீங்க!