ஆற்றுக்குள் மீட்டர் வேண்டும்: நெருப்பெரிச்சல் மக்களின் கோரிக்கைச் சாசனம்

மாவட்ட ஆட்சியர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நீர்வளத்துறை, திருப்பூர் மாநகராட்சி ஆகியோரின் பார்வைக்கு.

ஆற்றில் சாயத்தண்ணி வருகிறதென்று புகார் சொல்கிறோம். அதிகாரி வந்து மாதிரி எடுப்பதற்குள் அந்தத் தண்ணி ஊரைத் தாண்டிவிடுகிறது. பாட்டிலில் சிக்குவது பின்னால் வந்த தண்ணி.

சாயக்கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகளுக்கு ஒட்டுமொத்தமாகப் பூட்டு விழுந்தது. கூலியை இழந்தது தொழிலாளி. ஆகவே பட்டறைகளை மூடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. குழாயைத் திறந்தவர் யார் என்று தெரிய வேண்டும். ஒருவர் செய்ததற்கு ஊரே வேலை இழக்கக் கூடாது.

1. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆன்லைன் கருவி வைக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் அந்தக் கருவி தன் வழியாகப் போவதை மட்டுமே அளக்கும். ராத்திரி வேறு குழாயில் போவதும், அனுமதியில்லாமல் கொட்டகைக்குள் ஓடும் பட்டறையும் அதன் கணக்கில் வராது. எனவே ஆற்றுக்குள்ளேயே கருவி வேண்டும்: கோவையிலிருந்து வரும் நொய்யல் ஆறு திருப்பூருக்குள் நுழையும் முன் மங்கலத்தில், ஊரைத் தாண்டியபின் ஒரத்துப்பாளையத்தில், நஞ்சராயன் குளத்தில் சேரும் முன் நல்லாற்றில். கோவைச் சாக்கடைக்குத் திருப்பூர் பழி சுமக்க வேண்டாம். கோவையைக் காட்டித் திருப்பூர் தப்பவும் வேண்டாம்.

2. மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், அமில காரத் தன்மை, நீர்மட்டம் நான்கையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிய வேண்டும். நிறத்தை நம்ப முடியாது. நிறம் நீக்கிய கழிவிலும் உப்பு அப்படியே இருக்கும். சாயம் ஏற்ற உப்பைக் கொட்டுவதால் சாயக்கழிவு வந்தால் மின்கடத்துதிறன் எகிறும். வீட்டுச் சாக்கடை வந்தால் அது அவ்வளவு ஏறாது, ஆக்சிஜன்தான் விழும். மழைக்கு நீர்மட்டம் ஏறும்போது உப்பு குறைய வேண்டும். ஏறினால், மழையை மறைவாக்கி யாரோ திறந்துவிட்டார்கள் என்று சந்தேகிக்கலாம்.

3. அளவு எகிறியதும் பறக்கும் படை கிளம்ப வேண்டும். கருவியின் எண்ணை மட்டும் வைத்து ஒரு பட்டறை மேல் வழக்கு நிற்காது. 1974 நீர்ச் சட்டப்படி, பட்டறையின் பொறுப்பாளருக்கு அறிவித்து மாதிரி எடுக்க வேண்டும். கையில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரோடு ஆற்றின் மேல்பக்கம் நடந்தால், எந்த வாய்க்காலில் உப்பு ஏறுகிறதென்று பார்த்து அந்தப் பட்டறை வாசல்வரை போய்விடலாம்.

4. பதிவுகள் அப்போதைக்கப்போதே மக்களுக்குத் தெரிய வேண்டும். வார்டு அலுவலகத்தில் ஒரு திரை போதும். பழைய பதிவுகளை அழிக்கக் கூடாது. கருவி நின்ற நேரத்தையும் காட்ட வேண்டும். நிற்கிற நேரத்துக்கு நிறைய அர்த்தம் உண்டு.

5. பாசியும் சேறும் படிந்தால் கருவி பொய் சொல்லும். வாங்கும் செலவோடு, வாராவாரம் துடைக்கவும் ஆய்வகத்தில் ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும். திறப்பு விழாவோடு மறந்துபோகும் கருவி எங்களுக்கு வேண்டாம்.

பறவைகள் சரணாலயமான நஞ்சராயன் குளம், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதற்குத் தண்ணி தருவது நல்லாறு. ஆகவே முதல் கருவி நல்லாற்றில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஓடத் தொடங்க வேண்டும்.