பம்பு நின்றால் ஆள் இறங்குவான்!



முதலாம் ஆண்டு சேர்க்கைப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'லாரி டிரைவர்' என்று மட்டும் எழுதினேன். என்ன லாரி என்று எழுதவில்லை. இந்த மலரில் எழுதுகிறேன். என் அப்பா காவேரிப்பட்டினத்தில் செப்டிக் டேங்க் கிளீனிங் லாரி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் ஃபீஸ், மினி டிராஃப்டர், ஒர்க் ஷாப் காக்கி உடுப்பு எல்லாம் அந்த லாரி கொடுத்ததுதான்.

அந்த லாரி தெருவில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறோம். ஓடுவது இருக்கட்டும். மெக்கானிக்கல் படிக்கிற நாம் என்றாவது அதன் பம்பைப் பார்த்திருக்கிறோமா?

என்ஜின் சக்தி கியர் பாக்ஸிலிருந்து பி.டி.ஓ. வழியாக வேக்குவம் பம்புக்குப் போகிறது. பம்பு, டேங்கிலுள்ள காற்றை வெளியே தள்ளுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் கழிவை ஹோஸ் வழியாக மேலே ஏற்றுகிறது. கணக்குப்படி தண்ணீரையே சுமார் 10.3 மீட்டருக்கு மேல் இப்படி ஏற்ற முடியாது. நடைமுறையில் அதைவிடக் குறைவு. கப்ளிங்கில் ஒரு ரப்பர் வாஷர் கிழிந்தாலும், பம்பு உள்ளே வேன் தகடு தேய்ந்தாலும் இழுவை இறங்கிவிடும்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போயிருந்தேன். பாதி டேங்க் எடுத்ததும் பம்பு ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை. வீட்டுக்காரர் பொறுமை இழந்தார்.

"ஏம்ப்பா, இன்னும் ரெண்டடிதான இருக்குது? ஆள உள்ள எறக்கி பக்கெட்ல வாரிடுங்க. ஐந்நூறு சேத்துத் தர்றேன்."

கிளீனர் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிவிட்டார். "அஞ்சு நிமிசம்தான்ணா, எறங்கிடறேன்" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஐயாயிரம் குடுத்தாலும் ஆள எறக்க மாட்டேன் சார். பம்ப சரி பண்ணிட்டு நாளைக்கு வர்றேன்."

அன்றைய வாடகை போயிற்று. மறுநாள் பம்பைத் திறந்தோம். வேன்கள் தேய்ந்திருந்தன, ஆயில் டப்பா காலி. 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்' என்று லாரி ஓனர் தள்ளிப்போட்ட செலவு அது. அந்தச் சில நூறு ரூபாய்க்காக ஓர் உயிர் போயிருக்கும்!

நண்பர்களே, குழிக்குள் ஆள் இறங்குவது, ஆயில் ஊற்றாத பம்பில் தொடங்குகிறது. செப்டிக் டேங்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கும். காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கே மரத்துப்போகும். 'நாத்தம் இல்ல, எறங்கலாம்' என்று நினைப்பவன் விழுவான். அவனைத் தூக்க இறங்குபவனும் விழுவான். லாரி டேங்குக்குள் வண்டல் சுரண்ட இறங்கினாலும் இதே கதைதான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது! 1993-இல் ஒன்று, 2013-இல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று. பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கினால், முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நம் எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயலில் பிறந்த பெஜவாடா வில்சன், இந்தக் கொடுமைக்கு எதிராகப் போராடி 2016-இல் மகசேசே விருது பெற்றார். ஆனால் செத்தபின் வரும் 30 லட்சம் அப்பாவைத் திருப்பித் தராது. சாகாமல் காப்பது பழுதில்லாத பம்பு.

கேரளத்தில் இளம் என்ஜினீயர்கள் மேன்ஹோலில் இறங்கும் 'பேண்டிகூட்' ரோபோவை 2018-இல் கொண்டுவந்தார்கள். பாராட்டுவோம்! அது நம் ஊருக்கு வரும் வரை காத்திருக்க வேண்டுமா? ஓசூரில் லாரியே தயாராகிறது. நம் ஒர்க் ஷாப்பில் லேத் இருக்கிறது. இழுவை குறைந்தால் செய்ய வேண்டிய சோதனை எளிது. வால்வை மூடி வேக்குவம் ஏற்றிப் பம்பை நிறுத்து. கேஜ் முள் இறங்கினால் எங்கோ ஒழுக்கு. முள் ஏறவே இல்லை என்றால் முதலில் பம்பைத் திற. தினமும் ஆயில் பார், ஈரம் பிடிக்கும் டிராப்பைக் காலி செய், டேங்க் நிறைந்தால் அடைக்கும் மிதவைப் பந்தைக் கழுவு. இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல்தான் டிரைவர்கள் பட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

எனவே மாணவர் பேரவைக்கு இரண்டு கோரிக்கை. ஒன்று, ஆண்டுக்கொரு நாள் நம் வளாகத்தில் கழிவுநீர் லாரிகளுக்கு இலவச பம்பு பரிசோதனை முகாம். இரண்டு, அடியில் இறுகிய வண்டலை மேலே நின்றே தண்ணீர் பீய்ச்சிக் கரைக்கும் நீளக் குழாயை இறுதியாண்டு புராஜெக்டாக ஒரு குழுவாவது எடுக்க வேண்டும்.

முகாம் நடந்தால் முதல் வண்டி அப்பாவுடையதாக இருக்கும். ஸ்பேனரோடு நான் நிற்பேன். மூக்கைப் பொத்தாமல் நீங்களும் வாருங்கள்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்