ரசிகர் தளம்னா பாட்டு இறக்குற இடமா?

இங்க புனேல கூட வேலை பார்க்கிற நண்பர், பத்து வருஷத்துக்கு மேலா நடத்துற பஃபி ரசிகர் தளத்தை மூடப் போறாராம். "பாட்டெல்லாம் இப்ப எங்க வேணா கிடைக்குது, நான் எதுக்கு?"ங்கிறார். எனக்கு இதுல உடன்பாடு இல்லை.

பஃபி தெரியாதவங்களுக்கு: அமி ஓனுகி, யூமி யோஷிமுரா. 1996-ல 'ஆசியா நோ ஜுன்ஷின்' பாட்டோட வந்த ஜப்பான் ஜோடி. அமெரிக்கா போனப்ப, அங்க ஏற்கெனவே பஃப் டாடி இருந்ததால பஃபி அமியூமி ஆனாங்க. 'டீன் டைட்டன்ஸ்' கார்ட்டூனோட ஆரம்பப் பாட்டு கேட்டிருக்கீங்களா? இவங்கதான்.

அந்த முதல் பாட்டுக்கு இசை தாமியோ ஒகுடா, வரிகள் யோசுய் இனோவே. மனுஷன் ஊர்ப் பேரையெல்லாம் ஓசைக்காக அடுக்கியிருப்பார். அகராதியை வச்சுக்கிட்டு உட்கார்ந்தா தலை சுத்தும். எது அர்த்தம், எது வெறும் சத்தம்னு நண்பர் வரிக்கு வரி குறிப்பு எழுதி வச்சிருக்கார். கம்பெனிக்காரன் எழுதுவானா இதை?

ஜியோசிட்டீஸ் 2009-ல மூடினப்பவும், அதோட ஜப்பான் கிளை 2019-ல மூடினப்பவும் ரசிகர் பக்கங்கள் எத்தனை காணாமப் போச்சு! பாட்டு எங்கயும் போகலை.

அலுத்துப் போச்சா, மூடுங்க சாமி. அந்தக் குறிப்புகளை மட்டும் அழிக்காதீங்க. என் கம்ப்யூட்டர்ல இடம் இருக்கு, திங்கக்கிழமை பென் டிரைவோட வர்றேன்.