குஷிமோட்டோ கடற்கரையில் ஒரு துருக்கி மையவாடி

 

ஜப்பான் செல்லும் நம்மவர் பெரும்பாலும் தோக்கியோவையும் ஒசாக்காவையும் கண்டு திரும்புகின்றனர். கோபே நகரில் 1935-இல் எழுந்த, அந்நாட்டின் முதற் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வருவோரும் உண்டு. அவர்கள் இன்னும் ஒரு நாளை ஒதுக்கினால் குஷிமோட்டோவையும் காணலாம். வகயாமா மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள கடலோரச் சிற்றூர் அது. ஒசாக்காவிலிருந்து ‘குரோஷியோ’ விரைவு இரயிலில் மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேலாகும்.

கடலுக்குள் வரிசையாக நிற்கும் ஹஷிகுயி பாறைகளைக் காணவே பயணிகள் இங்குத் திரள்கின்றனர். அழகிய காட்சிதான். ஆயினும் நாம் காண வேண்டியது எதிரேயுள்ள ஓஷிமா தீவில் இருக்கிறது. 1999-இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியே பேருந்தில் சென்று, தீவின் கிழக்கு முனையான கஷினோசாக்கியில் இறங்குங்கள். 1870-இல் ஒளியேற்றப்பட்ட கருங்கல் கலங்கரை விளக்கமும், அதன் அருகே துருக்கி மாலுமிகளின் மையவாடியும் அங்கு உள்ளன.

துருக்கி முஸ்லிம்கள் இங்கு வந்து அடங்கியது எவ்வாறு? ஜப்பானிய இளவரசர் ஒருவர் 1887-இல் இஸ்தான்புல் வந்து சென்றார். அதற்குப் பதில் மரியாதையாக, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ‘எர்துக்ருல்’ என்னும் போர்க்கப்பலை 1889 ஜூலையில் அனுப்பி வைத்தார். பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர் வழியாகச் சென்ற அக்கப்பல், 1890 ஜூனில் யோக்கோஹாமாவை அடைந்தது. உஸ்மான் பாஷா பேரரசர் மெய்ஜியைச் சந்தித்தார். பின்னர்க் கப்பலில் காலரா பரவிப் பலரைக் கொண்டுபோயிற்று. அதுவோ 1863-இல் நீரில் இறக்கப்பட்ட பழைய மரக்கப்பல்; காலமோ புயற்காலம். தாமதிக்குமாறு ஜப்பானியர் கூறியும் செப்டம்பர் 15 அன்று நங்கூரம் எடுத்துவிட்டனர். அரசின் கௌரவத்தை எண்ணியவர்கள் மாலுமிகளின் உயிரையும் சற்று எண்ணியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் இரவு கஷினோசாக்கிப் பாறைகளில் மோதிக் கப்பல் சிதறிற்று. பாஷா உள்ளிட்ட 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். (இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.) பிழைத்தவர் 69 பேரே. விளக்கொளியைக் குறியாகக் கொண்டு அவர்களிற் சிலர் செங்குத்தான பாறைமேல் ஏறி வந்தனர். ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியவில்லை. கொடிகளின் படங்கள் கொண்ட ஏட்டில் துருக்கிக் கொடியைக் காட்டியே தாம் யார் என்பதை அவர்கள் அறிவித்தனர்.

தீவு மக்கள் ஏழைச் செம்படவர்கள். அவர்கள் தம் உடைகளைக் கொடுத்தனர். சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொடுத்தனர். அவசரத் தேவைக்கென வைத்திருந்த கோழிகளையும் அறுத்துக் கொடுத்தனர். குளிரால் விறைத்தவர்களைத் தம் உடற்சூட்டினாலேயே தேற்றினர் என்பர். சிகிச்சை செய்த மருத்துவர்கள், கூலி பெறும் எண்ணமே தமக்கு இருந்ததில்லை என எழுதி, அத்தொகையைப் பாதிக்கப்பட்டோருக்கே தருமாறு கேட்டுக்கொண்டனர். கரையொதுங்கிய மையித்துகளை ஊரார் கூடி அடக்கினர். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அவ்விடத்தைக் கூட்டித் துப்புரவு செய்து வந்திருக்கின்றனர். இன்று நிற்கும் நினைவுத் தூண் 1937-இல் துருக்கி அரசால் எழுப்பப்பட்டது.

உயிர் பிழைத்தவர்களை இரு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் 1891 ஜனவரியில் இஸ்தான்புல் கொண்டு சேர்த்தன. நிதி திரட்டிக்கொண்டு உடன் சென்ற நோடா ஷோதாரோ என்னும் பத்திரிகையாளர் அங்கேயே தங்கி, அவ்வாண்டில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல் ஹலீம் ஆனார். ஈரான் – ஈராக் போரின்போது, 1985 மார்ச்சில், தெஹ்ரானில் சிக்கிய 200-க்கும் மேற்பட்ட ஜப்பானியரை மீட்டு வந்தவை துருக்கி விமானங்களே.

நினைவுத் தூணுக்கு அருகே 1974-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. 2007 முதல் நடந்த கடலடி அகழாய்வில் ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, நம் கல்யாண வீட்டு தேக்சாவை ஒத்த பெரிய செப்புப் பாத்திரம். அத்தனை பேருக்கும் அன்னம் வெந்த பாத்திரம் அல்லவா!

செல்வோர் கவனத்திற்கு: ஜப்பானியர் மீன் சமைக்கும்போது ‘மிரின்’ என்னும் அரிசி மதுவைச் சேர்ப்பதுண்டு, கேட்டறிந்து உண்ணுங்கள், அல்லது கைச்சோறு கொண்டு செல்லுங்கள். தீவுக்குப் பேருந்துகள் குறைவு; திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொண்டு, மையவாடியில் நின்று துஆச் செய்யப் போதிய நேரம் ஒதுக்குங்கள்.