சமையலறைக் கதவருகே ஒரு மேசை



வீட்டு வரவு செலவைப் பற்றிச் சென்ற திங்கள் எழுதியிருந்ததைப் படித்த ஒரு தாய், "சாமி, வீட்டில் உண்பதற்குக் கணக்கு எழுதிவிடலாம், பிள்ளைகள் பெரிய ஓட்டலுக்கு அழைத்துச் சென்று நம்மைத் திண்டாட வைக்கிறார்களே, அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டதுதான். ஆயினும் அக்கேள்வி ஒரு நிகழ்ச்சியை என் நினைவிற்குக் கொண்டுவந்தது. அதை எழுதவேண்டுமென்று பலமுறை எண்ணியதுண்டு, கை வரவில்லை. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, அது பெருமைப்படத்தக்க பங்கு அன்று என்பதே காரணம்.

பொன்மலை இரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் அவர்தம் துணைவியாரும் 2025 ஜூன் திங்களில் தங்கள் திருமணப் பொன்விழாவைக் கொண்டாடினர். சென்னையில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் அவர்களுடைய ஒரே மகன், பெற்றோரை ஒரு நல்ல இடத்தில் அமர்த்தி விருந்தளிக்க வேண்டுமென்று ஆசைப்பட்டார். கண் மருத்துவத்திற்காக நானும் அப்போது சென்னைக்குச் சென்றிருந்தேன். "சாமி, நீங்கள் வந்து ஜெபம் சொன்னால்தான் அப்பா சாப்பிட உட்காருவார்" என்று சொல்லி என்னையும் அழைத்துக்கொண்டார். பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி, நான் என ஆறு பேர்.

நகரில் பெயர் பெற்ற உணவகம் அது. பெயர் வேண்டாம். வாயிலில் நின்ற வரவேற்பாளர் முதலில் பெரியவரின் வேட்டியைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். பிறகுதான் கையிலிருந்த பதிவுப் பட்டியலைப் பார்த்தார். சன்னலோர மேசை ஒன்றை நான்கு நாள்களுக்கு முன்பே தொலைபேசியில் பதிவு செய்திருந்ததாக மகன் சொன்னார். "அது ஒதுக்கப்பட்டுவிட்டது சார்" என்று கூறி, உள்ளே கூட்டிச் சென்று சமையலறைக் கதவருகே இருந்த மேசையைக் காட்டினார்கள். அந்தக் கதவோ இருபுறமும் ஆடும் கதவு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பாத்திர ஓசையும் எண்ணெய்ப் புகையும் வந்து போயின. கால் மணி நேரத்திற்குப் பிறகு கோட்டு அணிந்த நால்வர் வந்தனர். சன்னலோர மேசை அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் முன்பதிவு செய்தவர்கள் அல்லர் என்பது அவர்கள் பேசியதிலிருந்தே விளங்கியது.

வேட்டியைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி அணிந்து சென்ற காரணத்தால் சென்னையிலுள்ள ஒரு மன்றத்தில் அனுமதி மறுக்கப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அடுத்த திங்களே தமிழக சட்டமன்றம், அவ்வாறு தடுப்பதை விலக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நல்லதுதான். ஆயின், உள்ளே வந்தவரை எந்த மேசையில் அமர்த்துவது என்று எந்தச் சட்டமும் சொல்லிக் கொடுக்க முடியாதே!

உணவுப் பட்டியல் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. பரிமாற வந்த இளைஞர் மகனிடம் மட்டுமே பேசினார். பெரியவர், "தம்பி, ரசம் சாதம் மாதிரி ஏதாவது உண்டா?" என்று கேட்டபோது, அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மகனையே பார்த்தார். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதன் இறுதிக் குறளில் அனிச்ச மலரை நினைவூட்டுகிறார் அல்லவா? அம்மலர் முகர்ந்தால்தான் வாடும். வந்தவரோ நம் முகம் மாறினாலே வாடிவிடுவார். அன்று அதைக் கண்ணெதிரே பார்த்தேன். பெரியவர் அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. "உனக்குத் தெரிந்ததைச் சொல்லப்பா" என்று மகனிடம் கூறிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

இதுவரை நடந்தது மனத்தாங்கல் மட்டுமே. அடுத்தது அப்படியன்று. பெரியவரின் துணைவியார் நீரிழிவு நோயாளி. உணவுக்குச் சற்று முன் மாத்திரை எடுப்பவர். உணவு சொன்னவுடன், இருபது நிமிடத்தில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் விழுங்கிவிட்டார். அரை மணி கழிந்து சூப்பு மட்டும் வந்தது. மகன் இளைஞரை அழைத்து, அம்மாவுக்கு மட்டும் ஒரு ரொட்டியாவது முதலில் கொண்டு வாருங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "கமிங் சார்" என்றார் அவர். மீண்டும் கேட்டார், மீண்டும் அதே விடை. ஐம்பது நிமிடமாகியும் ரொட்டி வரவில்லை. அம்மையாருக்கு நெற்றியில் வியர்வை அரும்பியது, விரல்கள் நடுங்கின. "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று சொன்ன குரலே குழறியது. மருமகள்தான் புரிந்துகொண்டு எழுந்தார். பேத்தி ஓடிப்போய், காப்பி மேசையில் கிடந்த சர்க்கரைப் பொட்டலங்களை அள்ளி வந்தாள். அவற்றைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணிக்குப் பிறகுதான் முகத்தில் தெளிவு வந்தது. நீரிழிவுக்காரர் உள்ள குடும்பத்தினர் இதை மனத்தில் வைக்க வேண்டும்: உணவு மேசைக்கு வரும் வரை உணவுக்கு முந்திய மாத்திரையைக் கையில் எடுக்க வேண்டாம், பையில் சர்க்கரையோ மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும்.

மகனுக்குப் பொறுக்கவில்லை. தாயின் நிலையைக் கண்ட மகன் அல்லவா? இளைஞரை நோக்கிக் கத்திவிட்டார். உணவகமே திரும்பிப் பார்த்தது. மேலாளர் விரைந்து வந்தார். வந்தவர் எங்களிடம் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அந்த இளைஞரை எல்லார் முன்னிலையிலும் இந்தியில் வெளுத்து வாங்கினார். அவர் தலை குனிந்து நின்றார். அந்நேரத்தில் பேத்தி என் கையைப் பிடித்து, "ஃபாதர், பாட்டிக்குச் சரியாகிவிடுமா?" என்று கேட்டாள். மேலாளர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். நான் அங்கி அணிந்திருக்கவில்லை. வெள்ளைச் சட்டையும் கால்சட்டையுமாக இருந்தேன். "ஃபாதரா? தெரியாமல் போயிற்றே! நானும் மிஷன் பள்ளியில் படித்தவன்தான்" என்றார். உடனே சன்னலோரத்தில் வேறொரு மேசை முளைத்தது. உணவுகள் பத்து நிமிடத்தில் வரிசையாக வந்தன. கட்டணமின்றி எனக்கு ஒரு கிண்ணம் பனிக்கூழும் வந்தது, எனக்கு மட்டும்.

நான் அதை உண்டேன். மறுத்திருக்க வேண்டும், அல்லது பெரியவர் பக்கம் நகர்த்தியிருக்க வேண்டும். பாதி உண்ட பிறகுதான் பெரியவர் என் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அவர் பார்வையில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. இத்தகைய வேற்றுமை அவருக்குப் புதியதன்று. கலியாணப் பந்திகளில் எங்களைப் போன்றவர்களுக்குத் தனி மேசை போடுவதை அவர் ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறவர்தாமே. நானும் அந்தத் தனி மேசையை ஒரு நாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.

நிற்க. மேலாளர் அகன்ற பிறகு, பெரியவர் அந்த இளைஞரைக் கைகாட்டி அழைத்து, இந்தியில் ஏதோ கேட்டார். நாங்கள் வியந்துபோனோம். இளமையில் சில ஆண்டுகள் கரக்பூர் பணிமனையில் இருந்தவராம். அங்கே கற்ற இந்தி. இளைஞரின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. ஊர் ஜார்க்கண்ட். சென்னைக்கு வந்து நான்கு திங்கள். தமிழ் ஒரு சொல்லும் விளங்காது. ஆங்கிலத்தில் பட்டியலிலுள்ள பெயர்களும் "கமிங் சார்" என்பதும் தெரியும். தாத்தா தமிழில் கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ரொட்டியைப் பற்றி மகன் ஆங்கிலத்தில் சொன்னதும் அவருக்குப் பிடிபடவில்லை. உடன் பணிபுரியும் இருவர் ஊருக்குச் சென்றுவிட்டமையால் அன்று எட்டு மேசைகள் அவர் ஒருவர் பொறுப்பில். காலை பத்து மணிக்கு நிற்கத் தொடங்கியவர். அப்போது இரவு ஒன்பது.

நாம் செருக்கு என்று எண்ணியது அச்சமாக இருந்தது. அதனால் குறை இல்லையென்று ஆகிவிடாது. குறை எங்கே இருந்தது என்பதுதான் மாறியது. மொழி தெரியாத ஒருவரை ஒரு சொல்லும் கற்பிக்காமல் எட்டு மேசைகளுக்கு நடுவே நிறுத்தியவர், சன்னலோர மேசையை ஆடை பார்த்துப் பங்கிட்டவர், பிறகு அனைவர் முன்னும் அந்த ஏழைப் பிள்ளையைத் திட்டித் தம் கடமை முடிந்தது என்று எண்ணியவர் ஆகியோரே பதில் சொல்ல வேண்டியவர்கள். மகன் கத்தியது சரியான கோபம், தவறான ஆளிடம்.

இனிக் கட்டணச் சீட்டுக்கு வருவோம். உணவுக்கு 6,200 ரூபாய். அதன் கீழே "சர்வீஸ் சார்ஜ்" என்று பத்து விழுக்காடு, 620 ரூபாய். இரண்டையும் கூட்டி அதன்மேல் ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி., 341 ரூபாய். ஆக மொத்தம் 7,161. பணிவிடைக் கட்டணம் என்பது அரசு விதிக்கும் வரி என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டு கொடுத்துவிடுகிறோம். அது வரி அன்று. உணவகம் தனக்காகச் சேர்ப்பது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் நாள் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, எந்த உணவகமும் இதைச் சீட்டில் தானாகவே சேர்க்கக் கூடாது. வேறு பெயரில் வாங்கவும் கூடாது. உணவுத் தொகையோடு கூட்டி அதன்மேல் வரி போடவும் கூடாது. கொடுப்பதும் கொடாததும் உண்பவரின் விருப்பம். உணவகச் சங்கங்கள் நீதிமன்றம் சென்றன. நெறிமுறைகள் அம்மாதமே நிறுத்தி வைக்கப்பட்டன. பின்னர் 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அந்நெறிமுறைகள் செல்லும் என்று கூறிச் சங்கங்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்கும் சென்றன.

இதில் நகைப்புக்குரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீர்ப் புட்டியை அதில் அச்சிட்ட விலைக்கு மேல் உணவகங்கள் விற்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விற்கலாம் என்று 2017 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அங்கே வருபவர் வெறும் புட்டியை வாங்க வருவதில்லை. அங்குள்ள சூழலையும் பணிவிடையையும் சேர்த்தே துய்க்க வருகிறார் என்பது அதன் கருத்து. சரி, ஏற்றுக்கொள்வோம். அப்படியானால், ஒரு தோசைக்கு நான்கு மடங்கு விலை வைக்கும்போதே பணிவிடையின் விலையும் அதில் அடங்கிவிடுகிறது. அதே பணிவிடைக்கு இரண்டாம் முறை பத்து விழுக்காடு கேட்பது என்ன நியாயம்? ஐம்பது நிமிடம் காக்க வைத்து, ஒரு ரொட்டிகூடத் தராமல் கேட்பது அதைவிட என்ன நியாயம்? படியில் அரிசி குறைந்தால் கடைக்காரரைக் கேட்கிறோம். இங்கே விற்கப்படும் சரக்கே கவனிப்புத்தான், அது குறைந்தால் கேட்கக் கூச்சப்படுகிறோம். பெரிய இடம் என்ற மலைப்பே காரணம்.

மகன் கூச்சப்படவில்லை. இம்முறை குரலை உயர்த்தாமல் மேலாளரை அழைத்து, அந்த வரியை நீக்கித் தாருங்கள் என்றார். "கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது சார்" என்றார் மேலாளர். "கம்ப்யூட்டரே எடுத்தும்விடும்" என்றார் மகன். பத்து நிமிடத்தில் புதிய சீட்டு வந்தது: 6,200, வரி 310, மொத்தம் 6,510. குறைந்தது 651 ரூபாய். மறுத்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குத் தொலைபேசி செய்வதென்று இருந்தார். வாசகர்களும் அவ்வெண்ணைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், அதுவே சான்று. உணவு சொல்வதற்கு முன்பே இக்கட்டணம் உண்டா என்று கேட்டுவிட்டால் பின்னால் வாக்குவாதமும் இல்லை.

எழுந்து வரும்போது பெரியவர் தம் சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து அந்த இளைஞரின் கையில் வைத்தார். மகனுக்குச் சற்று எரிச்சல். "இப்போதுதானே அப்பா அந்தக் காசை நீக்கச் சொன்னேன்?" என்றார். பெரியவர் விடை சொல்லவில்லை. துண்டைச் சரிசெய்துகொண்டு மனைவியின் கையைப் பிடித்தபடி படியிறங்கினார்.

மகன் வீடு திரும்பியதும் உணவக நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். என்னிடமும் காட்டினார். மேசையைப் பற்றியும், தாயின் மயக்கத்தைப் பற்றியும், எட்டு மேசைகளை ஒருவரிடம் விட்டதைப் பற்றியும் எழுதி, அந்த இளைஞரின் ஊதியத்தில் எதுவும் பிடிக்கக் கூடாது என்று முடித்திருந்தார். பதினொரு நாள் கழித்து விடை வந்தது. நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துவதாக இரண்டு வரிகள். அத்துடன் அடுத்த வருகைக்கு ஐந்நூறு ரூபாய் கழிவு தரும் ஒரு கூப்பன், மூன்று திங்களுக்குள் பயன்படுத்த வேண்டும். இளைஞரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அண்மையில் பொன்மலையில் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். மதிய உணவுக்கு அம்மையார் மிளகு ரசம் வைத்திருந்தார். பெரியவரின் ஜெபப் புத்தகத்தில் பக்க அடையாளமாக அந்தக் கூப்பன் இருந்தது. கெடு தாண்டிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.