ஆயத்தப் பொதியும் மூலநிரலும்

கணினித் துறையினரிடையே நெடுநாளாக நிலவிவரும் வழக்கு ஒன்றுண்டு. மென்பொருளைப் பிறர் தொகுத்து வைத்த ஆயத்தப் பொதியாகப் பெற்று நிறுவுதல் தக்கதா? அன்றி, அதன் மூலநிரலைப் பெற்று, வேண்டும் தெரிவுகளைச் சேர்த்து, வேண்டாதவற்றை விலக்கித் தாமே தொகுத்துக்கொள்ளுதல், அஃதாவது கம்பைல் செய்துகொள்ளுதல், தக்கதா? பொதியின் பக்கம் நிற்போர் பின்னதை வேலையற்றோரின் பொழுதுபோக்கு என ஒதுக்குவர். சில நொடி வேகத்தை ஈட்டுதற்குப் பல மணி நேரத்தைச் செலவிடுதல் மடமை என்பது அவர்தம் கூற்று. வேகம் ஒன்றே பொருளாயின் அக்கூற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் தமிழரைப் பொறுத்தவரை இவ்வழக்கு வேகம் பற்றியதன்று, எழுத்துப் பற்றியது.

மன்னார் மாவட்டத்துப் பெரியமடு என்னும் ஊரின் பெயரையே சான்றாகக் கொள்ளலாம். கணினியின் நினைவகத்தில் இப்பெயரின் முதலெழுத்து, முதலிற் பகரமாகவும் அதன்பின் ஒற்றைக்கொம்பாகவும் பதிவாகின்றது. திரையிலோ தாளிலோ தோன்றும்போது கொம்பு பகரத்தின் முன்னே வருதல் வேண்டும். இவ்விடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் நூலகம். படங்களில் எழுத்துப் பொறிப்பதற்கு உலகெங்கும் பயன்படும் இமேஜ்மேஜிக் என்னும் மென்பொருள், ராக்ம் என்னும் மற்றொரு நூலகத்தின் வழியாகவே ஹார்ஃப்பஸை அடைகின்றது. ராக்ம் சேராத பொதியொன்றில் 'பெரியமடு' எனப் பொறித்தால் நேர்வது என்ன? கொம்பு பகரத்தை விட்டு ரகரத்தின் முன்னே போய் நிற்கும். 'டு' என்னும் எழுத்து டகரமும் உகரக் குறியுமாகப் பிளவுபடும். பிழை நேர்ந்தது என்ற அறிவிப்பு எதுவும் எழாது. பொதியைத் தொகுத்தவர் தீங்கு நினைத்தவரல்லர். அவர் படிக்கும் மொழியில் அந்நூலகம் இருப்பினும் இல்லாதொழியினும் வேறுபாடு தோன்றுவதில்லை, அவ்வளவே. ஆயத்தப் பொதி என்பது பிறரொருவர் தம் தேவை நோக்கி முன்னரே எடுத்த முடிவுகளின் மூட்டை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அகரவரிசையும் இத்தகையதே. யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. எழுத்தெண்ணை மட்டும் நோக்கி அடுக்கும் நிரல், மன்னாரை முன்னும் மறிச்சுக்கட்டியைப் பின்னும் நிறுத்தும். தமிழ் நெடுங்கணக்கிலோ றகரத்தின் பின்னரே னகரம் வருவதால், மறிச்சுக்கட்டியே முந்தும். மாணவர் பட்டியலும் நூலகப் பட்டியலும் இவ்வாறு பிறழுமாயின், தமிழ் முறைப்படி தேடுவோர் உரிய இடத்திற் பெயரைக் காணார்.

எதிர்வாதம் வலுவற்றதன்று. பொதியாக நிறுவிய மென்பொருளிற் குறையொன்று வெளிப்பட்டால், திருத்திய பொதி தானே வந்து சேரும். தாமே தொகுத்தவர் அதனைத் தாமே அறிந்து மீண்டும் தொகுத்தல் வேண்டும். மறந்தால் அவர் கணினி திறந்த வீடாகும். மூலநிரல் என்ற பெயரே காவலாகிவிடாது என்பதையும் 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் நிகழ்ச்சி காட்டியது. பலரும் காணும் பொதுக் களஞ்சியத்தில் இல்லாத நச்சு வரிகள், வெளியீட்டுக்கெனக் கட்டிய மூலநிரல் மூட்டையிற் புகுத்தப்பட்டிருந்தன. படியாது தொகுத்தவரும் படியாது நிறுவியவரும் நம்பிக்கை ஒன்றிலேயே நின்றனர்.

எனினும் இவ்வாதம் நிறுவுவது யாது? எல்லோரும் எல்லாவற்றையும் தொகுத்தல் வேண்டா என்பதை மட்டுமே. எவரும் எதனையும் தொகுக்க வேண்டா என்பதை அது நிறுவவில்லை. தொகுத்தலையே அடையாளமாகக் கொண்ட ஜென்டூ அமைப்பே 2023 டிசம்பரில் ஆயத்தப் பொதிகளையும் பரவலாக வழங்கத் தொடங்கியது. மறுபுறம், பொதிகளாற் பெயர்பெற்ற டெபியன் ஒவ்வொரு பொதிக்கும் உரிய மூலநிரலையும் தொகுக்கும் விதிகளையும் உடன் வழங்குகின்றது. அவற்றைப் பெற்று, விடுபட்ட தெரிவொன்றை மட்டும் சேர்த்துப் புதிய பொதியாக்குதல் ஒரு மாலைப்பொழுதின் வேலை. அவ்வாறு ஒருவர் ஆக்கியதை நூறு பள்ளிகள் நிறுவலாம்.

அதனினும் பெரிய பயனொன்றுண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், பன்மொழி வரிசைமுறைகளை அறிந்த ஐசியு நூலகம், 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் விரும்பினாற் சேர்க்கும் தெரிவாகவே நுழைந்தது. 2023இல் வந்த 16ஆம் பதிப்பிலோ, வேண்டாமென விலக்கினாலன்றி அது தானே சேரும். இன்று சிலர் கேட்டுச் சேர்க்கும் தெரிவு நாளை எல்லோர்க்கும் இயல்பாகலாம். கேட்பவர் இல்லாத தெரிவு எவருடைய பொதியிலும் இடம்பெறாது.

ஆகவே, தமிழ் மாணவர்க்கு நிறுவுதலை மட்டும் கற்பித்துத் தொகுத்தலைப் பழங்கதையென விலக்கும் கணினிக் கல்வி, அவர்களை வாங்குவோராக மட்டுமே வளர்க்கும். எந்தத் தெரிவு விடுபட்டது எனக் கண்டறிதலும், சேர்த்துத் தொகுத்தலும், திருத்தத்தை மூல ஆசிரியர்க்கு அனுப்புதலும் பட்டப்படிப்பின் பயிற்சியாதல் வேண்டும். தமிழறிவும் கணினியறிவும் ஒருங்கே வாய்க்கும் இடம் பல்கலைக்கழகம். அது செய்யாததைத் தமிழ் படியாத தொகுப்பாளர் செய்வார் என எதிர்பார்த்தல் நியாயமன்று. பெரியமடுவின் கொம்பு இடம் மாறி நிற்பதை அவ்வூரார் கண்டுகொள்வர். அதனை உரிய இடத்தில் நிறுத்தும் ஆற்றல் பெற்றோர், பொதியில் வந்தது போதும் என்றிருத்தல் அறமாகாது.