மீன்களைக் கேட்டா சேர்த்தோம்?

கடந்த வருட இறுதியில், தம்பி கெஞ்சியதால் வாப்பா இரண்டடி மீன்தொட்டி ஒன்று வாங்கி வந்தார். அதற்குள் இரண்டு தங்கமீன்கள், நான்கு கப்பிகள், இரண்டு டைகர் பார்ப், ஓர் ஏஞ்சல். "எல்லாம் ஒண்டா இருக்கும்" என்று விற்றவர் சொன்னாராம். மூன்று வாரம் முடியுமுன் தங்கமீன்கள் மட்டுமே மிஞ்சின. "ராத்தா, கடிச்ச மீன்லயா பிழை, ஒண்டாப் போட்ட எங்கள்லயா?" என்று தம்பி கேட்டான். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

உயிரியல் படிக்கும் மாணவியாக இன்று சொல்வேன்: பிழை எங்களுடையதே. நிறத்தைப் பார்த்தோம், இயல்பைப் பார்க்கவில்லை.

முதலாவது, குளிர். இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று எங்கள் வட்டவளை. தங்கமீனுக்கு 18 முதல் 22 பாகை செல்சியஸ் போதும். ஏஞ்சலோ அமேசன் படுகையின் மீன். அதற்கு 25 பாகையளவு வேண்டும். ஹீட்டர் இல்லாத தொட்டியில் தை மாத இரவை அது எப்படித் தாங்கும்?

இரண்டாவது, குணம். டைகர் பார்ப் கூட்டமாக வாழ்வது. ஆறேழு இருந்தால் பெரும்பாலும் தமக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். இரண்டை மட்டும் விட்டால் கப்பியின் வாலையும் ஏஞ்சலின் நீண்ட செட்டையையும் கடிக்கும்.

மூன்றாவது, கழிவு. தங்கமீன் நிறையக் கழிக்கும். அதிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் செல்லும். நாங்களோ ஒன்பது மீன்களையும் ஒரே நாளில் விட்டோம்.

அழகுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. 1929இல் பி. ஈ. பி. தெரணியகல விபரித்த செரி பார்ப்பும், வெற்றிலை போட்டாற்போல் ஆண்மீன் சிவப்பதால் சிங்களத்தில் 'புலத் ஹபயா' எனப்படும் பிளக் ரூபி பார்ப்பும் இலங்கைக்கே உரியவை. இரண்டும் ஈரவலயக் காட்டோடைகளின் சாந்தமான மீன்கள். நீர்த்தாவரமும் சிறிய ஹீட்டரும் வைத்து, வகைக்கு ஆறு வீதம் விட்டால் ஒத்து வாழும். ஆனால் ஓடையில் பிடித்ததை அல்ல, பண்ணையில் பெருக்கியதையே கேட்டு வாங்க வேண்டும். அவை அருகியதற்கு நம் ஆசையும் ஒரு காரணம்.

வளர்க்க முடியாவிட்டால் ஆற்றில் விடுவதும் தீர்வல்ல. தொட்டியைத் துப்புரவாக்கும் என்று வாங்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். அலங்காரமாக வந்த அதுவும் கத்தி மீனும் இன்று நம் நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பு இனங்கள். எங்கள் ஓடைகளும் மகாவலியில்தான் சேர்கின்றன.

"ஒரு மீனுக்கு இத்தனை கணக்கா?" என்று சிலர் கேட்கலாம். ஆற்றில் பிடிக்காத அயலை விட்டு மீன் நீந்திப் போய்விடும். தொட்டியில் போக வழியில்லை. அந்த வழியை அடைத்தவர்கள் நாம். கணக்குப் பார்க்க வேண்டியவர்களும் நாமே.

தம்பி இப்போது கடைக்குப் போனால், விலையைக் கேட்குமுன் "இது எவ்வளவு பெருசா வளரும்?" என்று கேட்கிறான்.